டால்ஸ்டாய் வீட்டுத் தபால்

நீங்கள் கேட்டிருந்த கேள்வி இது: "டால்ஸ்டாய் இறப்பதற்கு முன் எழுதிய கடைசிக் கடிதம் காந்திக்குத்தான் என்கிறார்கள். அந்தச் சமயத்தில் அவர் வீட்டில் பெரிய ரகளை நடந்துகொண்டிருந்ததாமே? தினமும் வந்து குவிந்த தபாலுக்கும் அந்தச் சண்டைக்கும் நடுவில் எப்படி எழுதினார்? நீங்கள் டால்ஸ்டாய் பண்ணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறவர், கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்."

பக்கத்தில் இருப்பது உண்மைதான். தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேஷியாவில் குடியிருக்கிறேன். போராடிச் சிறை சென்றவர்களின் குடும்பங்களுக்காகக் காந்தி நடத்திய அந்தப் பண்ணை இருந்த லாலி இங்கிருந்து கிட்டத்தில்தான். லாலி என்றதும் கோவைக்காரர்களுக்கு லாலி ரோடு ஞாபகம் வரும். அந்த ஆர்தர் லாலி 1905 வரை இங்கே டிரான்ஸ்வாலின் துணை ஆளுநராக இருந்துவிட்டு, 1906இல் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராகப் போனவர். சரி, கேள்விக்கு வருகிறேன். முதலில் ஒரு சின்னத் திருத்தம். அது கடைசிக் கடிதம் அல்ல, கடைசியாக எழுதிய நீண்ட கடிதங்களில் ஒன்று. அதற்குப் பிறகும் இரண்டு மாதம் அவர் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

தபால் கதையைச் சொன்னால்தான் சண்டை புரியும். டால்ஸ்டாய்க்கு வந்த கடிதங்களில் சுமார் 50,000 இன்றும் மாஸ்கோவில் பாதுகாப்பாக இருக்கின்றன. அவர் எழுதியவற்றில் நமக்குக் கிடைத்தவை ஏறக்குறைய 10,000. ரஷ்ய மொழியில் வந்த அவருடைய முழுத் தொகுப்பு 90 தொகுதிகள். அதில் கடிதங்கள் மட்டுமே 31 தொகுதி, டைரிகள் 13 தொகுதி. நாம் இரண்டு மூன்று நாவல்களை வைத்து அவரை எடை போடுகிறோம். அந்த மனிதரின் அலமாரியில் பாதிக்குக் கொஞ்சம் குறைய தபாலும் டைரியும்தான்.

மாஸ்கோவுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டரில், துலா நகருக்குப் பக்கத்தில் யாஸ்னயா பொல்யானா. காலையில் எழுந்ததும் தனியாக ஒரு நடை போவார். வீட்டுக்கு முன்னால் ஒரு பெரிய எல்ம் மரம், அதற்கு 'ஏழைகளின் மரம்' என்றே பெயர். வழக்கில் மாட்டிய குடியானவர், பிச்சை கேட்பவர், வாழ்க்கைக்கு அர்த்தம் கேட்டு ரயில் ஏறி வந்த மாணவர் எல்லோரும் அதன் கீழே காத்திருப்பார்கள். நம்மூரில் பெரிய வீட்டுத் திண்ணை இருக்குமே, அந்த மாதிரி. அவர்களிடம் பேசிவிட்டு அறைக்குப் போனால் காப்பியோடு தபால் காத்திருக்கும். பணம் கேட்டு ஒன்று, கவிதைக் கட்டோடு ஒன்று, பட்டாளத்துக்குப் போக மறுக்கலாமா என்று ஒன்று, நீ சாத்தானின் ஆள் என்று திட்டி ஒன்று. பணம் கேட்டு வந்தவை எவ்வளவு தொல்லையாகிவிட்டன என்றால், 1907இல் பத்திரிகைகளுக்கே எழுதிப் போட்டார். இருபது வருஷத்துக்கு முன்பே சொத்து வேண்டாம் என்று விட்டுவிட்டேன், பண உதவி கேட்டு எழுத வேண்டாம் என்பது அதன் சாரம்.

வந்த கடிதங்களில் பதில் தேவையில்லாதவற்றின் உறை மேல் இரண்டே எழுத்துப் போடுவார், 'பதிலில்லை' என்பதன் ரஷ்யச் சுருக்கம் அது. மற்றவற்றில் 'இந்தப் புத்தகத்தை அனுப்பு', 'இப்படிப் பதில் எழுது' என்று செயலாளருக்குக் குறிப்பு. தானே எழுத வேண்டியவை தனி. வந்த கடிதத்தில் எழுதாத பாதித் தாள் இருந்தால் கிழித்து வைத்துக்கொள்வார், அடுத்த வரைவு அதில்தான். எடிசன் 1908இல் அனுப்பிவைத்த ஃபோனோகிராஃபில் சில பதில்களைப் பேசியும் வைத்தார். இளைய மகள் சாஷா ரெமிங்டன் தட்டச்சுப் பொறியில் அடித்துக் கொடுப்பார். அந்த அறைக்கே 'ரெமிங்டன் அறை' என்று பெயராகிவிட்டது. கூஸெவ் என்ற செயலாளரை 1909இல் அரசாங்கம் பிடித்துத் தொலைதூர மாகாணத்துக்கு அனுப்பிவிட, 1910 ஜனவரியில் புல்ககோவ் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். வீட்டோடு இருந்த மருத்துவர் மகோவித்ஸ்கி, ஸ்லோவாக்கியர். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு, துண்டுப் பென்சிலால் கெட்டி அட்டையில் டால்ஸ்டாய் பேசுவதை எல்லாம் குறித்துக்கொள்வார்.

அந்த வீட்டில் எல்லோருமே எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள். அவர் டைரி எழுதினார், மனைவி சோஃபியா எழுதினார், மகள் எழுதினார், செயலாளர், மருத்துவர், தட்டச்சு செய்த பெண்மணி, பியானோ வாசிக்க வந்தவர் வரை எழுதினார்கள். எழுதாதவர் சமையல்காரர் ஒருவர்தான் போலிருக்கிறது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துவிடுவாரோ என்ற பயத்திலேயே பாதி நாள் போயிருக்கிறது.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் காந்தியின் கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. தாரகநாத் தாஸ் என்ற வங்காளப் புரட்சியாளருக்கு டால்ஸ்டாய் 1908 டிசம்பரில் எழுதிய நீண்ட பதில், 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' என்று பெயர் பெற்றது, காந்தி கையில் கிடைத்தது. அதில் நாம் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. இன்னாசெய்யாமை அதிகாரத்துக் குறள்களை 'இந்துக் குறள்' என்று பெயர் சொல்லியே டால்ஸ்டாய் எடுத்தாண்டிருக்கிறார், 'இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்' உட்பட. என் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன் நோட்டைத் திறந்து அதே குறளைக் காட்டினான். இங்கே பல வீடுகளில் தேவாரமும் குறளும் ஆங்கில எழுத்தில்தான் எழுதிவைத்திருப்பார்கள். "எங்க ஆயா சொல்லிக் கொடுத்தது சார், ரஷ்யாக்காரருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்றான். மொழிபெயர்ப்பு வழியாகப் போயிருக்கும் என்று சொல்லித் தப்பித்தேன்.

1909 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனிலிருந்து காந்தி முதல் கடிதம் எழுதினார். டிரான்ஸ்வாலில் நம்மவர்கள் படும் பாட்டைச் சொல்லிவிட்டு, அந்த 'இந்துவுக்குக் கடித'த்தை 20,000 பிரதி அச்சிட ஒரு நண்பர் தயாராக இருக்கிறார், அனுமதி வேண்டும் என்று கேட்டார். கூடவே, அதில் மறுபிறவியை மறுத்து வரும் இடத்தில் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடலாமா என்றும் கேட்டார். டால்ஸ்டாய் சில நாட்களிலேயே பதில் போட்டுவிட்டார். எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை, ஆனால் உங்கள் இஷ்டம் என்றார். பிரசுரிக்கவும் மொழிபெயர்க்கவும் தாராள அனுமதி, காசு பேச்சே இல்லை. காந்தி அதைக் குஜராத்தியில் மொழிபெயர்த்தது அந்த நவம்பரில் கில்டோனன் காஸில் கப்பலில் தென்னாப்பிரிக்கா திரும்பும்போது. அதே பயணத்தில் பத்து நாளில் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதி முடித்ததும், வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

1910 ஏப்ரலில் அந்தப் புத்தகத்தின் ஆங்கில வடிவத்தை ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து அனுப்பிவைத்தார் காந்தி. மே மாதம் வந்த பதிலில் டால்ஸ்டாய் புத்தகத்தைப் பாராட்டியதைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு ஒரு வரி. உங்கள் முந்தைய கடிதங்களைத் தேடினேன், கிடைக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார்! காந்தியின் வாழ்க்கை வரலாறாக ஜோசஃப் டோக் பாதிரியார் எழுதிய நூல் தற்செயலாகக் கண்ணில் பட்டதால்தான் ஆளைப் புரிந்துகொண்டாராம். அதிலும் டோக் என்ற பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறார். உடம்பு சரியில்லை, சரியானதும் விரிவாக எழுதுகிறேன் என்று முடித்தார். நம் பாடப்புத்தகங்களில் இரண்டு மகான்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசியதுபோல வரும். அந்த மேஜையில் அன்று நம் கடிதமும் எங்கோ ஒரு கட்டுக்குள் புதைந்த ஒன்றுதான்.

இப்போது வீட்டுச் சண்டை. தமிழில் இதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சாக்ரடீஸ் மனைவி கதையோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள்: ஞானி ஒரு பக்கம், ராட்சசி ஒரு பக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. காந்திக்குக் காசு கேட்காமல் அனுமதி கொடுத்தாரே, அந்தத் தாராளம்தான் அந்த வீட்டில் பிரச்சினையே.

1862இல் கல்யாணம் நடந்தபோது சோஃபியாவுக்கு 18 வயது, அவருக்கு 34. பதிமூன்று பிள்ளைகள், வளர்ந்து ஆளானவர்கள் எட்டுப் பேர். 'போரும் அமைதியும்' நாவலின் கிறுக்கல் கையெழுத்துப் படிகளை ராத்திரி விளக்கில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படியெடுத்தது அந்த அம்மாள். பிறகு டால்ஸ்டாய் மனம் மாறினார். 1881க்குப் பிறகு எழுதியதை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று 1891இல் அறிவித்தார். 1892இல் தான் செத்துப்போனதாக வைத்துக்கொண்டு நிலபுலன்களை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். பழைய நாவல்களின் வெளியீடு மட்டும் சோஃபியா கையில் இருந்தது. பதிப்பகம் மாதிரி நடத்தி, அச்சுப் பிழை திருத்தி, விற்று, குடும்பத்தை ஓட்டினார். வீட்டில் சாப்பிட வருகிற சீடர்களின் எண்ணிக்கை குறையவே இல்லை, சொத்து கூடாது என்று பேசியபடியே சாப்பிடுவார்கள்.

அந்தச் சீடர்களில் தலையானவர் செர்ட்கோவ், முன்னாள் ராணுவ அதிகாரி. டால்ஸ்டாயின் எழுத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் அவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கிழவரின் ஒவ்வொரு தாளும் தன் கைக்கு வர வேண்டும் என்று நின்றவரும் அவர்தான். புல்ககோவைச் செயலாளராக அனுப்பியபோதே, அவர் எழுதும் டைரியின் கார்பன் பிரதியைத் தனக்கு அனுப்பிவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார். 1900 தொடங்கிப் பத்து வருஷத்து டால்ஸ்டாய் டைரிகளும் அவரிடமே இருந்தன.

1910 கோடையில் சோஃபியா கேட்டது அந்த டைரிகளைத்தான். என்னைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறதோ, நான் செத்த பிறகு உலகம் என்னைப் பற்றி என்ன படிக்குமோ என்ற பயம். ஜூலையில் தரையில் புரண்டு அழுதார், விஷம் குடிப்பேன் என்றார், தோட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். மாஸ்கோவிலிருந்து மனநல மருத்துவரை வரவழைத்து மனநோய் என்று எழுதியும் வாங்கினார்கள். ஜூலை 14ஆம் தேதி டால்ஸ்டாய் இறங்கிவந்தார். டைரிகளைச் செர்ட்கோவிடமிருந்து வாங்கி வரச் சொல்லி, யாருக்கும் இல்லை என்று துலா வங்கியில் வைக்க ஏற்பாடு செய்தார். கொடுப்பதற்கு முன் செர்ட்கோவும் சாஷாவும் இன்னும் சிலரும் அவசர அவசரமாக உட்கார்ந்து, சோஃபியாவைக் குறைகூறும் பகுதிகளை எல்லாம் பார்த்துப் பார்த்து நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் பயந்தது அப்படியே நடந்தது. இதைப் படித்த பிறகும் அவரை வெறும் சந்தேகப் பிராணி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சமாதானம் ஆகி ஒரு வாரம். ஜூலை 22ஆம் தேதி டால்ஸ்டாய் குதிரை ஏறி வழக்கமான சவாரிக்குப் போவதுபோலப் போய், காட்டுக்குள் ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்து ரகசியமாக உயில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லா எழுத்தின் உரிமையும் சாஷா பெயருக்கு, அவர் வழியாக உலகத்துக்கு. பழைய நாவல்களும் அதில் அடக்கம். உண்மையைத் தவிர வேறு பேசாதே என்று உலகத்துக்கு எழுதியவர் காட்டில் ஒளிந்து கையெழுத்துப் போட்டார் என்பது அவருக்கே உறுத்தியது. ஒரு வாரத்தில் 'எனக்கு மட்டும்' என்று தனியாக ஒரு சின்ன டைரி ஆரம்பித்தார். அதைப் பூட்ஸுக்குள் ஒளித்துவைத்தார். இலையுதிர்காலத்தில் சோஃபியா அதையும் கண்டுபிடித்துவிட்டார்.

ஆகஸ்ட் நடுவில் மூத்த மகள் தத்யானாவின் பண்ணை வீடு இருந்த கொச்செத்திக்கு அழைத்துப் போனார்கள். சோஃபியாவும் வந்தார், போனார், மறுபடி வந்தார். அங்கே உட்கார்ந்துதான் காந்திக்கு மே மாதம் சொன்ன அந்த 'விரிவாக எழுதுகிறேன்' என்ற வாக்கைக் காப்பாற்றினார், செப்டம்பர் 7ஆம் தேதி. காந்தி தென்னாப்பிரிக்காவில் நடத்திய, தபாலில் வந்த 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ்களைப் படித்துவிட்டு எழுதியது.

வீட்டுச் சண்டை பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. வயதாக ஆக, அதுவும் சாவு நெருங்கிவிட்டது என்று தெளிவாகத் தெரியும்போது, முக்கியமானதைச் சொல்லிவிட வேண்டும் என்று தொடங்குகிறார். அன்பும் பலாத்காரமும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது என்பதுதான் கடிதத்தின் பொருள். நடுவில் ஒரு சின்னக் கதை. மாஸ்கோவில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதப் பரீட்சை, பிஷப்பும் வந்திருக்கிறார். கொலை செய்யாதே என்ற கட்டளை எப்போதும் பொருந்துமா என்று கேட்பது வழக்கம். போரிலும் தூக்குத் தண்டனையிலும் கொல்லலாம் என்று பதில் சொல்லப் பெண்களைப் பழக்கி வைத்திருப்பார்கள். ஒரு பெண் மட்டும் முகம் சிவக்க, எப்போதுமே கூடாது என்றாள். பிஷப் என்னென்னவோ வாதம் செய்து பார்த்தும் அவள் அசையவில்லை. கடைசியில் வாயடைத்துப் போனது பிஷப்தான். இதைச் சொல்லிவிட்டு, உலகத்தின் மையத்திலிருந்து தூரத்தில் இருப்பதாகத் தோன்றும் டிரான்ஸ்வாலில் நீங்கள் செய்கிற வேலைதான் எங்களுக்கும் மிக அடிப்படையானது, முக்கியமானது என்கிறார்.

டிரான்ஸ்வாலில் நடந்த அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் யார் என்று நமக்குத் தெரியும். சத்தியாக்கிரகம் செய்து சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் அதிகம். கூடை தூக்கிக் காய்கறி விற்றவர்கள், மொரீஷியஸில் பிறந்து இங்கே வண்டித் தொழில் செய்த தம்பி நாயுடு மாதிரி ஆட்கள். அவர்கள் ஜெயிலில் இருக்கும்போது குடும்பங்கள் இருக்க இடம் வேண்டுமே என்றுதான், காந்தியின் நண்பரான கட்டடக் கலைஞர் காலன்பாக் 1910 மே 30ஆம் தேதி 1,100 ஏக்கரை வாடகையில்லாமல் கொடுத்தார். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தவரும் அவர்தான், வைத்ததை டால்ஸ்டாய்க்கும் எழுதித் தெரிவித்தார். ஏறக்குறைய ஆயிரம் பழமரம், இரண்டு கிணறு, ஓர் ஊற்று, ஒரு மைலில் லாலி ஸ்டேஷன். சொந்த வேலையாக ஜோஹன்னஸ்பர்க் போவதானால் 21 மைலும் நடைதான். ராத்திரி இரண்டு மணிக்கே கிளம்புவார்கள். பிள்ளைகளுக்குக் காந்தியே தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார், போப் பாதிரியாரின் இலக்கணக் கையேட்டை வைத்துக்கொண்டு. பேச்சுத் தமிழில் பிள்ளைகள் தன்னைத் தோற்கடித்துவிடுவார்கள், ஆங்கிலம் தெரியாத தமிழர் வந்தால் அவர்கள்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளர்கள் என்று பின்னால் எழுதினார். என் வகுப்பில் நிலைமை நேர் எதிர், எழுத்து வந்துவிடும், பேச்சுதான் வராது.

காந்தியின் பக்கம் வீடு அமைதியாக இருந்ததா என்று கேட்காதீர்கள். மூத்த மகன் ஹரிலால் 1911 மே மாதம் சொல்லிக்கொள்ளாமல் வீட்டை விட்டுக் கிளம்பினார்.

தேதிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் குழம்புவார்கள். ரஷ்யாவில் அப்போது பழைய நாட்காட்டி, நம்முடையதைவிட 13 நாள் பின்னால் ஓடும். மேலே ரஷ்ய நிகழ்ச்சிகளுக்கு 1910 ஜூலையிலிருந்து நான் கொடுத்தவை அந்தக் கணக்கு. அக்டோபர் 28 விடிவதற்கு முன், தன் அறையில் சோஃபியா காகிதங்களைத் துழாவும் சத்தம் கேட்டு டால்ஸ்டாய் எழுந்தார். சாஷாவையும் மருத்துவரையும் எழுப்பி, இருட்டில் குதிரை லாயத்துக்குப் போகும் வழியில் தொப்பியைத் தொலைத்து, மருத்துவரோடு வீட்டை விட்டுப் போனார். விட்டுப் போன கடிதத்தைப் படித்த சோஃபியா ஓடிப்போய்க் குளத்தில் விழுந்தார், சாஷாவும் புல்ககோவும் மற்றவர்களும் தூக்கினார்கள். நிமோனியாவோடு அஸ்தபோவோ ரயில் நிலையத்தில் இறங்கிய டால்ஸ்டாயை ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் படுக்க வைத்தார்கள். தனி ரயில் பிடித்து வந்த மனைவியைக் கடைசி நேரம் வரை உள்ளே விடவில்லை. அவர் எக்கி நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கும் படம் இன்றும் இருக்கிறது. நாற்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர்.

உயிர் போனது நவம்பர் 7, நம் கணக்கில் 20. கொச்செத்திக் கடிதம் எழுதிச் சரியாக இரண்டு மாதம். ஆறு நாள் கழித்து, நவம்பர் 26ஆம் தேதி 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் காந்தி எழுதிய அஞ்சலியும் அந்தக் கடிதமும் வெளிவந்தன.

பண்ணையைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தீர்கள். பழமரங்கள் எதுவும் மிச்சமில்லை. அடித்தளக் கற்கள், ஊன்றிய நினைவுச் சின்னங்கள், பக்கத்தில் செங்கல் ஆலை, அவ்வளவுதான். ஆகஸ்டில் வந்தால் புல்லெல்லாம் காய்ந்து மஞ்சளாக இருக்கும், காற்றில் மண் கண்ணை மறைக்கும். மார்ச், ஏப்ரல் நல்லது. பல நாள் கேட் பூட்டியிருக்கும், அதனால் வருவதற்கு ஒரு வாரம் முன்பே எனக்குச் சொல்லுங்கள், சாவி வைத்திருப்பவரிடம் பேசி வைக்கிறேன்.